கண்ணாடிக்கு அப்பால் வளையல்

கொரோனா தொற்றோடு பிரசவித்த ஆவுடைச்செல்வி கண்ணாடிக்கு வெளியே நின்றாள். உள்ளே அவள் மகளை இயந்திரக் கைகள் ஏந்தியிருந்தன. இருபத்தொரு நாள் மனிதர் யாரும் தொடக்கூடாது. குழந்தை மூன்று வேளையாகப் பால் குடிக்காமல் அழுதுகொண்டிருந்தது.

“என் குரலு, என் சூடு எல்லாம் அந்த மெசினுக்குக் குடுத்திருக்காங்க. இன்னும் என்னக்கா வேணும் அவளுக்கு?”

நர்ஸ் ஜெபமணி தன் கைகளைப் பார்த்தார். பிரசவம் பார்த்தவருக்குத் தரும் வழக்கப்படி, ஆவுடை தன் வளைகாப்பு வளையல்களை அவருக்குத்தான் கொடுத்திருந்தாள்; அவை இப்போது அவர் கைகளில் இருந்தன.

“வயித்துக்குள்ள ரெண்டு மாசமா இந்த வளையல் சத்தத்தத்தானட்டி கேட்டுக்கிட்டுக் கெடந்தா?”

வளையல்களைக் கழற்றிக் கிருமி நீக்கினார். ஆண்டவரை நினைத்துக்கொண்டு, கண்ணாடியிலிருந்த திறப்பு வழியே நீண்ட இயந்திரக் கையில் மாட்டினார்.

உள்ளே வளையல்கள் குலுங்கின. குழந்தை அழுகையை நிறுத்திப் பாலைச் சப்பத் தொடங்கியது.

ஆவுடையும் தன் வெறுங்கையை அதே தாளத்தில் அசைத்தபடி நின்றாள்.