பெல்ஜியத்து வேலை

முப்பத்தொன்பது ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் கைவிரித்த பிறகு, பெல்ஜியத்திலிருந்து டெல்பினுக்கு வேலை வந்தது. முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கான தற்காலிக ஆராய்ச்சி வேலை, இரண்டு வருடத்துக்கு.

அன்று மாலையே அவள் கணவன் ஆசீர் சீப்பைக் கையில் எடுத்தான். நான்கு நாள் போராடியதில், மகளின் ரெட்டைச் சடை ஓரளவு நேராக வந்தது.

"பாத்தியா? நாங்க சமாளிச்சுக்குவோம். நீ தைரியமா போயிட்டு வா," என்றான் ரிப்பனைக் கட்டிக்கொண்டே. "சாயந்திரம் ஸ்வெட்டர் வாங்கப் போலாமா?"

"ஸ்வெட்டர் எதுக்குங்க?"

"அங்க பனி கொட்டுமாமே."

டெல்பின் வேலை ஒப்பந்தத்தை நீட்டினாள். "மூணாவது பக்கம் பாருங்க."

ஆசீர் பார்த்தான். ஆராய்ச்சி: வாழை வாடல் நோய். பணியிடம்: தொட்டியம், திருச்சி மாவட்டம்.

"பல்கலைக்கழகம்தாங்க பெல்ஜியத்துல. வாழை இங்கதானே இருக்கு? தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துருவேன்."

அவனுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. "அடிப்பாவி, நாலு நாளா ஏன் சொல்லல?"

"தொட்டியம் பஸ் காலைல ஆறு மணிக்கு. முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க சடை பின்னப் பழகியிருப்பீங்களா?"