பூக்கும்போது மாற்றிய தொட்டி

“பூத்திருக்கறப்போ தொட்டி மாத்தக் கூடாதும்மா. பூவெல்லாம் ஓயட்டும்” என்றார் நர்சரிக்காரர்.

அவள் வாசலில் நின்ற டாக்சியைத் திரும்பிப் பார்த்தாள். “அதுவரைக்கும் முடியாதுங்க. இப்பவே மாத்துங்க.”

“இந்தப் பீங்கான் தொட்டியே தாராளமா இருக்கே!”

“பரவால்ல, சீக்கிரம்.”

முணுமுணுத்தபடி அவர் பூவையும் மொட்டையும் கிள்ளினார். தொட்டியைத் தட்டி, வேர்மண் உதிராமல் செம்பருத்தியைத் தூக்கிப் பிளாஸ்டிக் தொட்டியில் இறக்கினார். சுற்றிலும் புதுமண் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்.

“பிழைச்சுக்குமா?”

“வேர் கலையல. கொஞ்ச நாள் நிழல்ல வைங்க, பிழைச்சுக்கும்.”

அவள் காலித் தொட்டியைத் துடைத்து டாக்சிக்காரரிடம் நீட்டினாள்.

“அண்ணே, என்னை அம்மா வீட்டுல இறக்கிட்டு, இதை என்னை ஏத்தின வீட்டுலயே கொடுத்துடுங்க. தொட்டி என் வீட்டுக்காரர் வாங்கினது. கல்யாணமாகி வந்தப்போ நான் கொண்டு வந்தது செடி மட்டும்தான்.”