தும்பி

அவள் உருவாக்கிய நிரல் அவள் மடிக்கணினியிலேயே ஓடாது. ஆவணங்களை வடிவம் மாற்றும் அந்த இலவச மென்பொருளை வேறு வகைக் கணினிக்காகத் தொகுத்திருந்தாள். அப்படியொன்று இத்ரீசிடம்தான் இருந்தது. அந்த மென்பொருளை இணையவழி சேர்ந்து உருவாக்கும் குழுவில் எல்லோரையும் போல அவனும் அவளைத் ‘தும்பி’ என்றே அறிவான். போன் வரும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“ஓடுது தும்பி! எச்சரிக்கை ஒண்ணு மட்டும் வருது. ‘அமிர்தவல்லி’ன்னு ஒரு ஃபோல்டரைக் காணோமாம். யாருங்க அது?”

கணவனிடமிருந்து தப்பி வந்தபோது எடுத்து வந்த மடிக்கணினி. அதில் பயனர் பெயராக இருந்த தன் உண்மைப் பெயரை மாற்ற மறந்திருந்தாள். தொகுக்கும்போது அது நிரலுக்குள் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது.

“அதை வெளியிட்டுடாதீங்க.”

“காலையில ஓடினதுமே நம்ம தளத்துல ஏத்திட்டேனே. நெறைய பேர் எறக்கிட்டாங்க. அதுல ஒருத்தர் கேக்கறார், இதை எந்த ஊர்ல வெச்சு பில்ட் பண்ணினீங்கன்னு. என்ன சொல்லட்டும்?”