மறுபடி திறந்த பதிவு

‘உங்கள் வரன் பதிவு ரீஆக்டிவேட் ஆகி இன்று ஐந்தாம் நாள்’ என்று அனுசுயாவின் செல்போனில் ஒரு வரி மின்னி அணைந்தது. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சுருளிராஜனின் கண்ணில் அது பட்டுவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன் இருவரையும் சேர்த்துவைத்த அதே கல்யாண ஆப்!

சற்று முன்தான், குழம்பில் உப்பில்லை என்று வழக்கமான வசனத்தை எடுத்துவிட்டிருந்தார். “நான் ‘ம்’னு ஒரு வார்த்தை சொன்னா, கம்பத்துல இருந்து தேனி வரைக்கும் பொண்ணுக வரிசையில நிக்கும், தெரிஞ்சுக்க!”

அது என்ன ரீஆக்டிவேட்? திராட்சை விவசாயிகள் சங்கத் தலைவர், போயும் போயும் பெண்டாட்டியிடமா அர்த்தம் கேட்பார்? வண்டியை எடுத்துக்கொண்டு கம்பத்தில் ஜெபாவின் செல்போன் கடைக்குப் போனார்.

“சங்கத்துக்கு ஒரு லெட்டர் வந்திருக்கு ஜெபா. ரீஆக்டிவேட்னா சட்டப்படி என்ன அர்த்தம்?”

“முடங்கிக் கெடந்தத திரும்ப ஓட விடுறதுண்ணே. சிம்மு, பேங்க் கணக்கு, எதுக்கும் சொல்லலாம்.”

“தானா ஆயிருமா?”

“அதெப்பிடி? யாராச்சும் வேணும்னே செஞ்சாத்தான்.”

வேணும்னே! தலைவருக்கு வியர்த்தது. வியாழக்கிழமை சங்க மேடையில் இருந்த தம்மைப் போனில் கூப்பிட்டு, “கேஸ் சிலிண்டருக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க” என்று குழைந்தவளா இவள்? போனைப் பார்த்து அவள் தனியாகச் சிரித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது.

அவள் போய்விட்டால்? தம் பிரஷர் மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கத்தினார். “எவனுக்காகடி ஒன் பதிவத் தொறந்து விட்ட?”

அனுசுயா பூண்டு உரிப்பதை நிறுத்தவில்லை. “என்னுது இல்ல. ஒங்களுது. அன்னைக்கு நீங்க சொன்ன ஓடிபி கேஸுக்கு இல்ல, இதுக்குத்தான்.”

“என்னுதா? எதுக்கு?”

அவள் போனை நீட்டினாள். திரையில் சங்கத் தலைவர் ஆளுயர மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

“வரிசையப் பாக்கத்தான். அஞ்சு நாளாச்சு, ஒருத்திகூட எட்டிப் பாக்கல.”