குணசீலனுக்குப் போட்ட மதிப்பெண்

தலையில் அடிபட்ட விபத்துக்குப் பிறகு குணசீலனுக்கு எண்கள் தடுமாறின. அவன் எழுதும் புரோகிராமில் வரும் பிழைகளை, அவனுக்கே தெரியாமல், பக்கத்து இருக்கை மெர்லின் மூன்று மாதமாகத் திருத்திவந்தாள். சக ஊழியர்களின் திறமைக்கு மதிப்பெண் போடச் சொல்லிப் படிவம் வந்தது. உண்மையை எழுத அவளுக்கு மனம் வரவில்லை. பத்துக்கு ஒன்பது போட்டாள்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் அழைத்தார். "நீங்க வேற புராஜெக்ட் போறீங்க, மெர்லின். ஐசியூ பம்ப்ல மருந்து எவ்வளவு இறங்கணும்னு கணக்குப் போடுற பகுதிய இனி குணசீலன் தனியா பாத்துப்பார்."

மெர்லின் உடனே கேட்டாள். "அவர் எழுதுறத யார் சார் சரிபார்ப்பாங்க?"

"எதுக்கு? டீம்ல நாலு பேருமே ஒன்பது போட்டிருக்கீங்களே."

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் குணசீலன் எழுதத் தொடங்கியிருந்தான்.