அரை நிமிடக் குரல்

"ஒனக்குப் பிடிச்சிருக்கா ஆத்தா?"

"பிடிச்சிருக்கும்மா. ஒனக்கு?"

"நீ நல்லா இருந்தாப் போதும். எனக்கு வேறென்ன வேணும்?"

ஓடைப்பட்டி சுருளிராஜன் பெண் பார்த்துவிட்டுப் போன அன்று அம்மா மொக்கம்மாள் சொன்னது இது. மேலும் ஏதோ கேட்க வாயெடுத்தவள், காபி டம்ளர்களை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தேனியிலிருந்து தன் ஊரான மார்க்கையன்கோட்டைக்குப் போகும் பஸ்ஸில் நாகஜோதிக்கு அந்தப் பேச்சுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

போன வாரம் கல்யாணம் நின்றுபோனது. சுருளிராஜனின் அம்மா அவளைத் தேனி ஹாஸ்டலில் போனில் பிடித்து, தனக்குத் தெரியாத நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல் பதிவை ஓடவிட்டாள்.

"அவன் ஒரு ஏமாளிடா. தாலி கட்டுனாலும் நான் ஒன்னோடதான்."

ஜோதியின் குரலேதான். ஆனால் அவள் ஒருநாளும் பேசாத பேச்சு.

அன்றே ஊருக்கு ஓடிவந்து அம்மாவின் மடியில் விழுந்தபோது அவளால் நடந்ததைச் சொல்லக்கூட முடியவில்லை. கல்யாணம் நின்னுபோச்சு என்று மட்டும் சொல்லி அழுதாள்.

"அழுகாத தாயி. ஏமாளி கீமாளின்னு என் புள்ள வாயில வருமா?" என்று அம்மா தலையைக் கோதிவிட்டாள்.

இன்று காலை தேனி சைபர் கிரைமில் பெண் எஸ்.ஐ. பதிவைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது ஏஐல செஞ்சதும்மா. அரை நிமிஷம் பேசுன குரல் கிடைச்சாப் போதும். ரீல்ஸ் எதுவும் போடுவியா?"

"இல்ல மேடம். அம்மாவுக்கு மட்டும் தெனமும் வாய்ஸ் மெசேஜ் போடுவேன். அவுகளுக்குப் படிக்கத் தெரியாது."

"அப்ப அந்தப் போனைக் கொண்டா. யார் கைக்குப் போச்சுன்னு பாப்போம்."

வெளியே வந்ததும் சுருளிராஜனிடம் பேசினாள். "நிரூபிச்சுக் காட்டு ஜோதி. எங்கம்மா கால்ல விழுந்தாச்சும் ஒன்னையவே கட்டிக்கிறேன்" என்றான்.

பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள் வீட்டு வாசலிலேயே ஆரம்பித்தாள். "ஒம் போன் எங்கம்மா?"

"எதுக்கு?"

"டிஸ்ப்ளே ஒடஞ்சு மாரி கடையில கெடந்துச்சுல்ல? அங்கன வச்சுத்தான் என் குரலத் திருடியிருக்கான். நாளைக்கு அவன் பேர எழுதிக் குடுக்கப்போறேன்."

மாரிசெல்வம், தாய்மாமன் சுந்தரலிங்கத்தின் மகன். சின்னமனூரில் செல்போன் கடை வைத்திருக்கிறான். ஜோதியின் அப்பா இறந்ததிலிருந்து இந்த வீட்டு அரிசிப் பானையிலிருந்து அவள் காலேஜ் பீஸ்வரை பார்த்துக்கொண்டவர் அந்த மாமாதான்.

"ஏ, அவன் பேர மட்டும் குடுத்துறாத புள்ள! புடிச்சு உள்ள வச்சிருவாக."

"வைக்கட்டும். என் பொழப்பையே கெடுத்துட்டான், அவனுக்குப் பரிஞ்சு பேசுற?"

"அவன் மாட்டேன்னுதான் சொன்னான்."

ஜோதி புரியாமல் பார்த்தாள். "யாருகிட்ட?"

"எங்கிட்டத்தான். நான் அழுது கேட்ட பெறகுதான் செஞ்சு குடுத்தான்."

ஜோதி அழுதுகொண்டே உள்ளே ஓடி, அம்மாவின் தலையணையைப் புரட்டிப் பார்த்தாள். "போன் எங்கம்மா?"

"காலையில போலீசுக்குப் போறேன்னு பேசி அனுப்புனேல்ல? கேட்டதுமே வாய்க்கால்ல போட்டுட்டேன்."

மொக்கம்மாள் அருகில் வந்து, மகளின் கண்ணீரை முந்தானையால் பொறுமையாகத் துடைத்துவிட்டாள். அவள் முகத்தில் கோபமில்லை, பயமில்லை. பெண் பார்த்த அன்று விழுங்கிய வார்த்தை மட்டும் இப்போது வெளியே வந்தது.

"இனிமேலாச்சும் என் தம்பி மகனக் கட்டிக்கிறியா ஆத்தா?"