நூற்றுக்கு நூறு

டாக்டர் கவரைப் பிரித்ததும் கதவைச் சாத்தச் சொன்னார். அப்போதே அக்காவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

மூன்று வருடமாக இதே அறை, இதே நாற்காலி. ஒரு நாளும் அவர் கதவைச் சாத்தச் சொன்னதில்லை.

அவள் ஆயத்த ஆடை ஆலையில் செக்கிங் வேலை பார்க்கிறவள். எந்தச் சட்டையையும் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்க்காமல் நம்பியதில்லை. ரத்தப் புற்றுநோய் வந்த பிறகு அந்தப் புத்தி தன் எலும்பின் மேலேயே திரும்பிவிட்டது.

அதற்கு டாக்டர்தான் காரணம். ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் எலும்பு மஜ்ஜைக்குள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்குமாம். ரத்தம் தேவைப்பட்டால் சுற்றியிருக்கிற செல்கள் எழுப்பிவிடும். வேலை முடிந்தால் படுக்க வைக்கும். நோயின் ஸ்டெம் செல்லும் அதே இடத்தில், அதே மாதிரி, நல்ல பிள்ளையாகப் படுத்துக்கொள்ளும். மருந்து ஓடியாடுவதைத்தான் பிடித்துக் கொல்லும். தூங்குவதை விட்டுவிட்டுப் போய்விடும்.

அதைக் கேட்ட நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று.

மஜ்ஜையையே மாற்றித் தங்கையின் செல்களை ஏற்றிய பிறகும் அந்தத் தூக்கம் திரும்பவில்லை. தன்னுடைய பழைய செல் ஒன்று எங்கோ ஒரு மூலையில் கண்ணை மூடிப் பாசாங்கு செய்கிறது என்றே நினைத்தாள்.

அதற்கென்று ஒரு பரிசோதனை உண்டு. மஜ்ஜையில் இருப்பதில் நூற்றுக்கு எவ்வளவு தங்கையுடையது என்று சொல்லிவிடும். இதுவரை எப்போதும் நூறு.

"நூத்துக்கு நூறு. ஸ்கூல்ல வாங்காத மார்க்க உன் எலும்புக்குள்ள போய் வாங்குறேன் பாரு," என்பாள் தங்கை, ஒவ்வொரு முறையும்.

இன்றோ பக்கத்து நாற்காலியில் கண் செருகிக் கிடந்தாள். கொஞ்ச நாளாகவே எங்கே உட்கார்ந்தாலும் அசந்துவிடுகிறாள். முழங்கைக்குக் கீழே நீலமாக ஒரு திட்டு. பஸ் கம்பியில் இடித்துக்கொண்டாளாம். போன வாரம் தோளில் இருந்ததும் பஸ் கம்பிதானாம்.

அவள் புருஷன் அப்படிப்பட்டவன் இல்லை. இருந்தாலும் வெளியே போனதும் கேட்டுவிட வேண்டும் என்று அக்கா முடிவு செய்துகொண்டாள்.

"நோய் திரும்பி வந்திருக்கும்மா," என்றார் டாக்டர்.

தெரியும் என்பதுபோல் தலையாட்டினாள். நினைத்தது சரியாகிவிட்டது. அந்தக் கள்ளத் தூக்கக்காரி எழுந்துவிட்டாள். இனித் தங்கைக்குத் தொண்ணூறா, எண்பதா?

மேசையில் கிடந்த தாளைத் தன் பக்கம் இழுத்தாள்.

நூறு.

மறுபடி பார்த்தாள். பழக்கதோஷத்தில் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். ஒன்றுமில்லை.

அவளுடைய செல் என்று அங்கே ஒன்றுகூட இல்லை. இத்தனை நாள் சந்தேகப்பட்ட ஆள் செத்து மூன்று வருடமாகிறது. அப்படியானால் இப்போது நோயாக எழுந்திருப்பது தங்கை கொடுத்த செல்.

நிமிர்ந்தாள். டாக்டர் அவளைப் பார்க்கவில்லை. தங்கையின் கையிலிருந்த நீலத் திட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு நோய் வந்த புதிதில் இதே அசதியும் இதே நீலத் திட்டும் இருந்தது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

தங்கை திடுக்கென்று விழித்து, வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னக்கா, நூறுதானே?"

அக்கா அந்தத் திட்டின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"நூறுதான்டி."